மிகச்சிறிய விலகல்

எழுதிய ரிப்போர்ட்டில் பிழை இருந்தால், திருத்தம் எழுதி, வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, சில நாள் தூக்கம் கெட்டு, பிறகு எப்படியோ கடந்துவிடுகிறோம். கதிரியக்கத் துறையில் பதினாறு ஆண்டுகளாக இருப்பவனுக்கு அந்த வேதனை பழக்கமானதுதான். ஆனால் திருத்துவதற்கு ஒரு வரிகூட இல்லாத ரிப்போர்ட் ஒன்று மூன்று ஆண்டுகளாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. அதை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு வாக்கியமும் சரியாகவே இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டை நம்பி வீட்டுக்கு அனுப்பப்பட்ட இளைஞரின் இடது கன்னம் உள்வாங்கிப்போயிற்று.

அவர் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்பவர், வயது 26. வேலை முடிந்து இருசக்கர வண்டியில் திரும்பும்போது விழுந்து, இடது கன்னம் சாலைத் தடுப்பில் மோதியிருந்தது. நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனைக்கு இரவு பதினொன்றரை மணிக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் வலி இருந்ததால் காலர் மாட்டியிருந்தார்கள். இடது கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு வீக்கம். மூளைக்கும் முக எலும்புகளுக்கும் சேர்த்து சி.டி. எடுக்கச் சொல்லியிருந்த சீட்டில், சாலை விபத்து, முக வீக்கம், முறிவு உண்டா என்று மட்டுமே இருந்தது. மூளையில் ஒன்றும் இல்லை என்று பார்த்தவுடன், உண்மையைச் சொன்னால், என் கவனத்தில் பாதி அடுத்த நோயாளியிடம் போய்விட்டது. முகத்தைப் பார்த்து, கண்ணில் பட்ட முறிவுகளை எல்லாம் மேலிருந்து கீழாக எழுதினேன். நெற்றி எலும்புடன் சேரும் பொருத்தில் மயிரிழை முறிவு. கண்குழியின் வெளிச்சுவரில் முறிவு. கண்குழியின் கீழ் விளிம்பில் முறிவு. அது கன்னத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பின் துவாரம் வரை நீள்கிறது. மேல்தாடை சைனஸின் முன்சுவரிலும் பக்கச் சுவரிலும் முறிவு, சைனஸுக்குள் இரத்தம். கன்ன வளைவில் முறிவு. கடைசி வரியாக, விலகல் மிகச்சிறியது.

எந்தப் பிளவிலும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. ஆகவே அந்தக் கடைசி வரியும் பொய்யில்லை. காலையில் அதைப் படித்த டூட்டி மருத்துவர், வாய் நன்றாகத் திறக்கிறது, பார்வை இரட்டையாகத் தெரியவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டு, மெல்லத் தேவையில்லாத உணவு, மூக்கைச் சிந்தக் கூடாது, ஒரு வாரம் கழித்து வரவும் என்று எழுதி அனுப்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து அவர் வரவில்லை. கூலி வேலைக்காரர், வலி குறைந்த பிறகு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் வந்து நிற்கமாட்டார்.

அவர் வந்தது ஏழு வாரம் கழித்து. அனுப்பிவைத்தவர் அவர் ஊர் முடிதிருத்துபவர். சவரத்துக்கு நாற்காலியைச் சாய்த்துப் பின்னால் நின்று பார்த்தவர், "தம்பி, உனக்கு ஒரு பக்கம் கன்னம் உள்ள போயிருக்கே, டாக்டர்ட்ட காட்டுனியா?" என்று கேட்டிருக்கிறார். எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த பரிசோதனை முறையும் இதுதான். கன்ன எலும்பு உள்ளே போயிருக்கிறதா என்று எதிரில் நின்று பார்த்தால் தெரியாது. நோயாளியின் பின்னால் நின்று, நெற்றிக்கு மேலிருந்து குனிந்து, இரண்டு கன்ன மேடுகளும் ஒரே அளவுக்கு முன்னால் வந்திருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். வீங்கியிருக்கும்போது அப்படிப் பார்த்தாலும் ஏமாற்றிவிடும். வீக்கம் வடிந்த பிறகுதான் மேடு இருந்த இடத்தில் பள்ளம் தெரியவரும். அவரே சொன்ன இன்னொன்றும் இருந்தது: "சவரம் பண்ணும்போது இந்தப் பக்கம் பிளேடு படுறதே தெரியல சார். டீ குடிச்சா மேலுதட்டுல பாதிக்குச் சூடு தெரியும், பாதிக்குத் தெரியாது."

முக்காலியா, நாற்காலியா

கன்ன எலும்பு முகத்தில் தனித்து நிற்பதில்லை. மேலே நெற்றி எலும்பு, உட்புறம் கீழே மேல்தாடை எலும்பு, காதை நோக்கிப் பின்னால் பொட்டெலும்பு, கண்குழிக்குள் ஆழத்தில் ஸ்பீனாய்டு எலும்பு என நான்கு எலும்புகளுடன் அது பிணைந்திருக்கிறது. இதில் ஏற்படும் முறிவை ஆங்கிலப் பாடநூல்கள் நெடுங்காலம் முக்காலி முறிவு என்று அழைத்துவந்தன; இன்றும் வாய்ப்பேச்சில் அந்தப் பெயர் போகவில்லை. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிபவை முதல் மூன்று கால்கள்தான். நான்காவது கால் கண்குழியின் வெளிச்சுவருக்குள் ஒளிந்திருப்பதால், கணக்கில் சேராமலே போயிற்று. நாற்காலியை முக்காலி என்று அழைத்த இந்தப் பிசகைப் பெயர்ச்சிக்கல் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

எங்கள் தலைமுறை இந்த எலும்பைக் கற்றுக்கொண்டது எக்ஸ்ரேயில். நோயாளி முகவாயைத் தட்டில் அழுத்தி, மூக்கைச் சற்று உயர்த்திக்கொள்வார். கண்ணின் கடைக்கோடியிலிருந்து காதுத்துளைக்குப் போகும் கோடு ஃபிலிமுடன் 37 பாகை கோணத்தில் நிற்கும். அடர்த்தியான காதெலும்பு மேடுகள் சைனஸுக்குக் கீழே இறங்கிக்கொள்ள, கன்னம் மறைப்பில்லாமல் தெரியும். 1915இல் வாட்டர்ஸும் வால்ட்ரனும் விவரித்த நிலை அது. வாட்டர்ஸ் பெயரில்தான் இன்றும் கேட்கிறோம். அந்தப் படத்தில் கன்ன எலும்பைக் கண்டுபிடிக்க எங்கள் பேராசிரியர் ஒரு யானையைக் காட்டுவார். கன்ன எலும்பின் உடல் யானையின் தலை. காதை நோக்கி வளைந்து போகும் கன்ன வளைவு தும்பிக்கை. லீ ரோஜர்ஸ் என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் கண்டுசொன்ன யானை அது. தும்பிக்கை ஒடிந்திருக்கிறதா, தலையில் கீறல் இருக்கிறதா என்று விரலால் ஓட்டிப் பார்ப்போம். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அந்த யானை பிறகு எந்த ஃபிலிமிலும் மறைவதில்லை.

பழைய கட்டுரைகளை அந்த ஏழாம் வாரத்துக்குப் பிறகுதான் ஒழுங்காகத் தேடிப் படித்தேன். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களைச் சீரமைத்த ஹரால்டு கில்லீஸ் என்ற அறுவை மருத்துவர், கில்னர், ஸ்டோன் ஆகிய இருவருடன் சேர்ந்து 1927இல் கன்ன எலும்பு முறிவைப் பற்றி எழுதினார். பொட்டில், முடிக்குள் மறையும்படி சிறு கீறல் போட்டு, ஒரு நெம்புகோலை எலும்புக்கு அடியில் செலுத்தித் தூக்கி நிறுத்தும் முறைக்காகவே அந்தக் கட்டுரையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த முறை இன்றும் கைவிடப்படவில்லை. அதன் தலைப்பிலேயே ஒரு புதிய எக்ஸ்ரே நிலையைப் பற்றிய விவரணை என்றும் இருப்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. எலும்பைத் தூக்க வேண்டிய கை, அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் தூக்க முடியாதல்லவா? 1961இல் நைட், நார்த் என்ற இருவர் இந்த முறிவுகளை ஆறு தொகுதிகளாகப் பிரித்தார்கள். எலும்பு நகரவே இல்லையா, வளைவு மட்டும் உடைந்ததா, உடல் திரும்பாமல் நேராக உள்ளே போனதா, உட்பக்கம் திரும்பியதா, வெளிப்பக்கம் திரும்பியதா, பல துண்டுகளாயிற்றா என்று அந்த வகைப்பாடு கேட்கிறது. அவர்கள் கையில் இருந்தது எக்ஸ்ரே ஃபிலிம். அதை வைத்துக்கொண்டு, எலும்பு எங்கே போயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் நூற்றுக்கணக்கான சி.டி. வெட்டுகளை உருட்டிப் பார்த்த நான், எங்கே உடைந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

காவலரின் கேள்வி

அப்படி எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதில் ஒரு பகுதி காவல் நிலையத்திலிருந்து வந்தது என்று தோன்றுகிறது. அரசு மருத்துவமனைகளில் பணியாற்றியவர்களுக்கு இது தெரியும். அடிதடி வழக்கில் காயச் சான்றிதழுக்காகக் காவலர் வாசலில் நிற்பார். அவருக்கு வேண்டியது ஒரே சொல். இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு எலும்பு முறிவைக் கொடுங்காயப் பட்டியலில் வைத்திருந்தது; 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவும் அதை அப்படியே வைத்திருக்கிறது. சாதாரணக் காயம் விளைவித்தால் ஓராண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் ஏழாண்டு வரை. ஒரு மயிரிழைக் கீறல் உண்டு என்று நான் எழுதினால் ஒருவரின் வழக்கு வேறு பிரிவுக்குப் போய்விடும். ஆகவே இயல்பான பொருத்தை முறிவென்று எழுதிவிடக் கூடாது, நரம்பு செல்லும் துவாரத்தைக் கீறலென்று எண்ணிவிடக் கூடாது, பிறவியிலேயே இரண்டு துண்டாக இருக்கும் கன்ன எலும்பைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது என்றெல்லாம் எங்களைப் பழக்கியிருந்தார்கள். உண்டா, இல்லையா என்ற கேள்விக்கு நாங்கள் மிகத் திறமையாகப் பதில் சொல்வோம். எலும்பு முறிவுக்கு முந்தைய இனமாக அதே பட்டியலில் இருப்பது, தலை அல்லது முகத்தின் நிரந்தர உருக்கேடு. அதைப் பற்றி எங்களிடம் எந்தக் காவலரும் கேட்டதில்லை.

தலையை நேராக்குங்கள்

ஏழாம் வாரத்தில் அந்த இளைஞரைப் பார்த்த முகத்தாடை அறுவை மருத்துவர் பணியில் என்னைவிட மூத்தவர். கையில் பழைய ரிப்போர்ட்டுடன் எங்கள் அறைக்கு வந்து, கோபப்படாமல், படத்தைத் திறக்கச் சொன்னார். குறுக்குவெட்டுகளை உருட்டினேன். இரண்டு கன்னங்களும் சமமாக இல்லை என்பது அப்போதே தெரிந்தது. உண்மையில் அது முதல் இரவே தெரிந்திருந்தது. ஆனால் படத்தில் எதுவுமே சமமாக இல்லை. ஒரே வெட்டில் வலது பக்கம் கண்குழியின் நடுப்பகுதி தெரிய, இடது பக்கம் அதன் தரை தெரிந்துகொண்டிருந்தது. காலர் மாட்டிய கழுத்தை டெக்னீஷியன் திருப்ப முடியாது, திருப்பவும் கூடாது. தலை சாய்ந்து கிடந்ததால் முகம் கோணலாகத் தெரிகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தக் கோணலைக் கழித்துவிட்டுப் பிளவுகளை மட்டும் அளந்திருக்கிறேன். இதை அவரிடம் சொன்னேன்.

"சரி சார், அப்ப தலையை நேராக்குங்க" என்றார்.

கணினித் திரையில் அதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும். 19ஆம் நூற்றாண்டில் மண்டையோடுகளை அளந்தவர்கள், எல்லா மண்டையோட்டையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிடுவதற்காக, காதுத்துளையின் மேல்விளிம்பையும் கண்குழியின் கீழ் விளிம்பையும் இணைத்து ஒரு தளத்தை வகுத்தார்கள். ஃபிராங்ஃபர்ட் தளம் என்று பெயர். அந்தத் தளத்துக்கு ஏற்பப் படத்தைத் திருப்ப வேண்டும். ஆனால் உடைந்த பக்கத்துக் கண்குழி விளிம்பை நம்பக் கூடாது; அதுவும் நகர்ந்திருக்கலாம். ஆகவே உடையாத இடங்களான இரண்டு உட்காதுகள், மண்டையோட்டின் அடித்தளம், நல்ல பக்கத்துக் கண்குழி ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு நேராக்கினேன். இரண்டு உட்காதுகளும் ஒரே வெட்டில், ஒரே உயரத்தில் வந்து நின்றன. மூக்கின் நடுச்சுவர் செங்குத்தாயிற்று. தலை நேராகிவிட்டது. கன்னம் நேராகவில்லை. இடது கன்ன மேடு வலதைவிட ஐந்து மில்லிமீட்டர் பின்னால் இருந்தது.

அறுவை மருத்துவர் எழுந்து வந்து, கண்குழியின் நடுவே செல்லும் வெட்டில் நிறுத்தச் சொல்லி, வெளிச்சுவரின் மீது பேனாவை வைத்தார். கன்ன எலும்பும் ஸ்பீனாய்டு எலும்பும் சேரும் இடம் அது. வலது பக்கத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே நேர்க்கோடாகப் பின்னோக்கிப் போயின. இடது பக்கத்தில் அந்தக் கோடு மடிந்திருந்தது. பிளவு அகலமாக இல்லை. கதவு கீலில் திரும்புவதைப்போல முன்பாதி மட்டும் திரும்பியிருந்தது. "நாங்க ஆபரேஷன் பண்ணும்போதும் இந்த இடத்தைத்தான் கடைசியாப் பார்ப்போம். மத்த இடமெல்லாம் சேர்ந்த மாதிரி தெரியும். இது நேரா வந்தாத்தான் எலும்பு வந்திருக்குன்னு அர்த்தம்" என்றார். ஒளிந்திருந்த நான்காவது கால்.

அது ஏன் இப்படி என்பதைப் பிறகு ஒரு தாளில் வரைந்து பார்த்துப் புரிந்துகொண்டேன். கன்ன எலும்பின் மேல் முனை நெற்றிப் பொருத்தில் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்க, மற்றதெல்லாம் அந்த முனையைச் சுற்றித் திரும்பும்போது, முனைக்கு அருகில் பிளவு மயிரிழையாகவே இருக்கும். கீழ் விளிம்பும் சைனஸின் பக்கச் சுவரும் மிக மெல்லியவை. அங்கே எலும்பு சிறு துண்டுகளாக நொறுங்கிவிடுவதால் இடைவெளியை எங்கிருந்து எங்கே அளப்பது என்று தெரியாது. கன்ன வளைவு நீண்டு மெலிந்த எலும்பு; ஒரே முறிவாக இல்லாமல் இரண்டு மூன்று இடத்தில் சிறிது சிறிதாக வளைந்துகொடுத்து, எந்த இடத்திலும் பெரிய விலகலைக் காட்டாமல் சமாளித்துவிடும். அகலமும் கனமும் கொண்டு உள்ளே நீண்டு கிடப்பது ஸ்பீனாய்டு பொருத்து மட்டுமே. எலும்பு எந்தத் திசையில் திரும்பினாலும் அங்கே கோணம் விழுந்தாக வேண்டும். நான் ஐந்து இடங்களில் தனித்தனியாக அளந்து, ஐந்தும் சிறியவை என்பதால் மொத்தமும் சிறியது என்று எழுதியிருக்கிறேன். கூட்டலே செய்யாமல் விடை எழுதிய கணக்கு அது.

வாய் ஏன் நன்றாகத் திறந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. கன்ன வளைவு நடுவில் உள்ளே அமுங்கினால், அது கீழ்த்தாடையின் மேல்நீட்சியில் இடித்து வாயைத் திறக்கவிடாது. இவருக்கு வளைவு அமுங்கவில்லை. முழு எலும்பும் சேர்ந்து திரும்பியிருந்தது. டூட்டி மருத்துவர் செய்த சோதனைகள் சரி, முடிவுகளும் சரி. கன்னம் மரத்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நரம்பின் துவாரம் வரை முறிவு நீள்கிறது என்று எழுதிய நானும், கேளுங்கள் என்று எழுதவில்லை.

முப்பரிமாணப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் ஓரளவு இளக்காரமாகவே நினைத்திருந்தேன். உறவினர்களுக்குக் காட்ட அழகாக இருக்கும். ஆனால் கண்குழித் தரை போன்ற தாள் கனமுள்ள எலும்பை ஓட்டையாகக் காட்டும், மயிரிழைக் கீறலை மழுப்பிவிடும். முறிவு உண்டா என்று தேடுபவனுக்கு அது நம்பகமில்லாத சாட்சி. ஆனால் அன்றைக்கு அறுவை மருத்துவர் கேட்டதற்காக அந்தப் படத்தை உருவாக்கி, தாடையின் கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கும்படி திருப்பியபோது, முடிதிருத்துபவர் மேலிருந்து கண்டது எனக்குக் கீழிருந்து தெரிந்தது. ஒரு விநாடிதான் ஆயிற்று.

முதல் இரண்டு வாரங்களுக்குள் தெரிந்திருந்தால் நெம்பித் தூக்கி ஓரிரு தகடுகளால் பொருத்தியிருக்கலாம். ஏழு வாரத்தில் எலும்பு தவறான இடத்திலேயே கூடிவிட்டது. இனி நேராக்குவதென்றால் கூடிய எலும்பை மறுபடி வெட்டி, நகர்த்தி, பொருத்த வேண்டும். அதை அவரிடம் அறுவை மருத்துவர் விளக்கினார். எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது என்று இளைஞர் கேட்டார். சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அது வேண்டாம் என்பதற்கான மரியாதையான சொல் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. உணர்வு சிறிது சிறிதாகத் திரும்பக்கூடும் என்பது மட்டும் ஆறுதலாகச் சொல்லத்தக்கதாக இருந்தது.

அதன் பிறகு நான் முக எலும்பு ரிப்போர்ட் எழுதும் முறை மாறிவிட்டது. முதலில் தலையை நேராக்குகிறேன். பிளவுகளைத் தேடுவதற்கு முன், இரண்டு பக்கத்துக் கன்ன மேடுகளையும் ஸ்பீனாய்டு பொருத்தையும் பார்த்து, எலும்பு எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதுகிறேன். பிறகுதான் பட்டியல். கண்குழியின் கொள்ளளவு கூடியிருக்கிறதா, தரையில் எந்தத் தசையாவது சிக்கியிருக்கிறதா என்பது அடுத்து. இரவு டூட்டியில் இருக்கும் முதுநிலை மாணவர்களுக்கு இது நேரம் பிடிக்கும் சடங்காகத் தெரிகிறது, ஒருவர் கேட்டும்விட்டார். நான் அவருக்கு அந்தப் பழைய படத்தைத் திறந்து காட்டி, ரிப்போர்ட் எழுதச் சொன்னேன். ஏறத்தாழ என் வாக்கியங்களையே எழுதிக்கொடுத்தார், கடைசி வரி உட்பட.

அந்த இளைஞர் நான்கு மாதம் கழித்து இன்னொரு முறை வந்தார். அறுவைக்காக வரவில்லை, தாயாரின் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர், என் அறையைத் தேடி வந்து எட்டிப் பார்த்தார். மேலுதட்டில் உணர்வு பாதிக்கு மேல் திரும்பிவிட்டதாகச் சொன்னார். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்; விரல் இடுக்குகளில் வெள்ளைச் சிமென்ட் காய்ந்திருந்தது. உட்காரச் சொல்லி அவருடைய படத்தைத் திறந்தேன். அதுவரை அவருக்கு அதை யாரும் காட்டியிருக்கவில்லை. முதல் நாள் எடுத்தபடி சாய்ந்திருந்த படத்தைக் காட்டி, தலை இப்படிக் கோணலாக இருந்ததால், முகமும் அதனால்தான் கோணலாகத் தெரிகிறது என்று நினைத்துவிட்டேன், தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. திரைக்கு அருகில் குனிந்து, இரண்டு கண்குழிகளையும் மாறி மாறிப் பார்த்தார். தரையைப் பார்த்துப் பழகிய கண்கள்.

"தலை சாஞ்சிருந்தா சாஞ்சதாத்தானே சார் தெரியும்" என்றார். பிறகு, குறை சொல்லும் தொனி சற்றும் இல்லாமல், தொழில் விஷயத்தைக் கேட்பவரைப்போலக் கேட்டார்: "நாங்க ரசமட்டம் வச்சுப் பாப்போம். அது மாதிரி உங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்களா சார்?"

இருக்கிறது என்றேன்.